வாயப்பயமும் எந்திரத்தின் காதும்

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். யோசனை, சித்தாந்தம் எல்லாம் அப்புறம்.

எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்புக்குப் பக்கத்தில் எங்கள் இரவுப் பள்ளி நடக்கிறது. பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஷீட் போட்ட ஒரே அறை, ஒரு டியூப் லைட், கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு சுவர், அதற்கு மேலே அம்பேத்கர் படம். நான் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். பகல் ஷிப்ட் இருக்கிற நாட்களில் ஆறரைக்கு வந்து எட்டரை வரைக்கும் பிள்ளைகளோடு உட்காருவேன். வருஷக்கணக்காக இதுதான். 2025 ஜூன் கடைசியில் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்து மூன்று டேப் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்குள் ஒரு செயலி. பிள்ளை பேசினால் அது வாங்கிக்கொண்டு பதில் பேசும். எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொல்லும். சரியாகப் படித்தால் சொல் பச்சையாகும், தப்பென்றால் சிவப்பாகும். செயற்கை நுண்ணறிவு என்றார்கள். ஐந்திலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளிடம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்து, எப்படி இருக்கிறதென்று எழுதித் தரவேண்டும். சரி என்றேன். நிறுவனத்தின் பெயரும் செயலியின் பெயரும் இங்கே வேண்டாம். வந்த பையன்கள் நல்ல பையன்கள்.

முதல் நாள் டேப்பைக் கையில் வாங்கியவள் ஆறு வயசுப் பெண்பிள்ளை. முன்பல் இரண்டும் விழுந்த வாய். பள்ளிக்கூடத்தில் அவள் வாயே திறப்பதில்லை என்று அவள் அம்மா என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள். டேப்புக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், ரொம்ப இனிமையாக, “உனக்குப் பிடித்த பழம் எது?” என்று கேட்டது.

“வாயப்பயம்” என்றாள்.

கொஞ்ச நேரம் வட்டம் சுற்றியது. பிறகு அந்தக் குரல் சொன்னது: “பயமாக இருக்கிறதா? பயப்படாதே. நான் உன் தோழி.”

பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. டேப்பை வாய்க்குக் கிட்டே இழுத்து, “பயம் இல்ல, வாயப்பயம்! துன்ற பயம்!” என்று கத்தினாள். “பயப்படாதே” என்றது அது, மறுபடியும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சிரித்ததற்காக.

ஏனென்றால் 1981இல் நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒரு வாத்தியார் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி ‘வாழைப்பழம்’ என்று நூறு தடவை சொல்ல வைத்தார். நான் நூறு தடவையும் வாயப்பயம் என்றே சொன்னேன். எனக்கு வித்தியாசமே காதில் விழவில்லை. அவர் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றுதான் என்றே நினைத்தேன். முப்பதுக்கு மேல் அழ ஆரம்பித்துவிட்டேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. கடைசியில் அவர், “இது சேரி வாய்டா, எத்தனை கழுவினாலும் போகாது” என்றார். இன்றைக்கும் வாழைப்பழம் வாங்கப் போனால் கடைக்காரனிடம் கையைக் காட்டித்தான் கேட்பேன். ஐம்பத்து மூன்று வயதாகிறது.

எந்திரம் அப்படிச் சொல்லவில்லை. அது கோபப்படவில்லை, பிரம்பை எடுக்கவில்லை, அப்பன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்கவில்லை. நூறு தடவை கேட்டாலும் அதே இனிமையில்தான் பேசும். பயப்படாதே என்றது. இதுதான் என்னைக் குழப்புகிறது. அந்த வாத்தியார் செய்தது இன்னது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பேர் இருக்கிறது, சட்டம்கூட இருக்கிறது. இந்தத் தோழி செய்ததற்கு என்ன பேர்?

அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ எழுதியபோது, சாதி என்பது செங்கல் சுவரோ முள்வேலியோ மாதிரியான ஒரு பொருள் அல்ல, அது மனிதர்களின் மனத்தில் இருக்கிற ஒரு எண்ணம் என்று வாதாடினார். அதை நாம் மேடைகளில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். அப்படியானால் மனமே இல்லாத ஒன்றுக்குச் சாதி எப்படி இருக்க முடியும்? படித்த தோழர்கள் சிலர் என்னிடம் இதைத்தான் கேட்டார்கள். ‘அது வெறும் கணக்கு, தோழர். அதுக்கு நீங்க யாருன்னே தெரியாது.’ ஆமாம், தெரியாது. அந்தத் தெரியாமையைத்தான் நான் பேச வருகிறேன்.

இப்போது நடந்த இன்னொன்று. ஏழு வயசுப் பையனிடம் அது பிடித்த சாப்பாடு எது என்று கேட்டது. “மாட்டுக்கறி பிரியாணி” என்றான். தெளிவாகத்தான் சொன்னான். வட சென்னையில் எந்தத் தெருமுனையிலும் அண்டா திறந்தால் வருகிற வாசனை அது. எந்திரம் யோசித்துவிட்டு, “மாடு நமக்குப் பால் தருகிறது. மாடு நம் நண்பன். வேறு ஏதாவது பேசலாமா?” என்றது. பையன் என்னைப் பார்த்து, “இன்னா ண்ணா, இதுக்குப் புடிக்காதா?” என்று கேட்டான். நான் என்ன சொல்ல? அதற்கு வாயும் இல்லை வயிறும் இல்லை, பிடிக்கவும் பிடிக்காமல் போகவும் என்ன இருக்கிறது? ‘மாடு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அது படித்த புத்தகங்களில் எது அதிகமாக இருந்ததோ அதைக் கொண்டுவந்து கொட்டியது. நம் பாடப்புத்தகங்களில் மாடு பால் தரும், ஏர் உழும், பொங்கல் கொண்டாடும். யாருடைய தட்டிலும் இருக்காது. எந்திரம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நாம் ஏற்கனவே எழுதி வைத்ததை, அதாவது அவர்கள் எழுதி வைத்ததை, பிள்ளையின் மூஞ்சிக்கு நேரே திருப்பிச் சொன்னது.

பையன்களிடம் விசாரித்தும் படித்தும் இந்தக் குரல் எந்திரங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்துகொண்டேன். அதற்குக் காது என்று ஒன்று கிடையாது. வருகிற ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, தான் பயின்ற ஆயிரக்கணக்கான மணிநேரப் பேச்சில் இந்த மாதிரித் துண்டுக்கு எந்த எழுத்து வந்தது என்று பார்த்து, வாய்ப்பு அதிகமுள்ளதைப் போடுகிறது. அதிகம் கேட்டதைச் சுலபமாகக் கேட்கும். கேட்காததைக் கேட்டதாக மாற்றிக்கொள்ளும். அது பயின்றதில் பெரும்பங்கு பெரியவர்களின் பேச்சு. பிள்ளைகளின் தொண்டை சின்னது, குரல் உயரம், முன்பல் வேறு இல்லை. ஆக எந்தச் சாதிப் பிள்ளையாக இருந்தாலும் அதற்குத் தடுமாற்றம்தான். இதை மறைத்துவிட்டு எழுதினால் நான் பொய்யன். அதற்கு மேல் எங்கள் தெருச் சத்தம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் அது ‘சரியாகச் சொன்னாய்’ என்று ஒருமுறை பாராட்டியது. லாரிக்குப் பச்சை, எங்க பிள்ளைக்குச் சிவப்பு.

ஆனால் எல்லோருக்கும் தடுமாற்றம் என்பதும் எல்லோருக்கும் ஒரே அளவு தடுமாற்றம் என்பதும் வேறு வேறு. அமெரிக்காவில் 2020இல் ஒரு ஆய்வு வந்தது. ஆப்பிள், அமேசான், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் என ஐந்து பெரிய கம்பெனிகளின் பேச்சறியும் எந்திரங்களைச் சோதித்தார்கள். வெள்ளையர் பேசிய நூறு சொல்லில் சராசரியாக 19 பிழை. கறுப்பர் பேசிய நூறு சொல்லில் 35. பேசினவர்கள் இரண்டு பேருமே ஆங்கிலம்தான் பேசினார்கள். அங்கே யாராவது ஒரு இன்ஜினியர் உட்கார்ந்து ‘கறுப்பர் பேச்சைக் கேட்காதே’ என்று எழுதி வைத்திருப்பாரா? மாட்டார். கேட்க ஆள் அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

அதே அமெரிக்காவில், இந்த எந்திரங்களெல்லாம் வருவதற்கு ரொம்ப முன்னால், ஆன் ஆர்பர் என்ற ஊரில் ஒரு வழக்கு நடந்தது. அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பில், அதாவது நம்ம ஹவுசிங் போர்டு மாதிரி, வசித்த கறுப்பினப் பிள்ளைகள் மார்ட்டின் லூதர் கிங் பெயரிலேயே இருந்த பள்ளியில் படித்தார்கள். அவர்களுக்குப் படிப்பு வரவில்லை என்று பள்ளி ஒதுக்கியது. தாய்மார்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1979இல் நீதிபதி ஜாய்னர் தீர்ப்புச் சொன்னார். பிள்ளைகளை மாற்றச் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழி இன்னது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள் என்றார். பிள்ளை கற்றுக்கொள்ளாததற்கு வாத்தியார் கற்றுக்கொள்ளாததும் காரணம் என்று ஒரு கோர்ட் ஒத்துக்கொண்டது. நம் ஊரில் எந்தக் கோர்ட்டிலாவது ‘இன்னா’வுக்காக யாராவது வழக்குப் போட்டிருக்கிறோமா?

தோழர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஒரு சுவர் இருந்தது. 1989இல் கட்டினார்கள், போராடிப் போராடி 2008 மே மாதம் அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அந்தச் சுவருக்கும் மனம் இல்லை. அதற்கும் நாம் யாரென்று தெரியாது. ஆனால் கட்டினவர்களுக்குத் தெரிந்திருந்தது. எண்ணம் கட்டினவன் தலையில், தடுப்பு சுவரில். சரி, எந்திரத்தை அப்படிச் சொல்லிவிடலாமா என்றால் அதுவும் முடியவில்லை. இதைச் செய்தவர்கள் யாரையும் தடுக்க நினைக்கவில்லை. எல்லோருக்கும் கல்வி என்று நினைத்துத்தான் செய்தார்கள். உத்தப்புரத்தில் நம்மை நினைத்துக்கொண்டு கட்டினார்கள். இங்கே நம்மை நினைக்காமலே கட்டியிருக்கிறார்கள்.

நினைக்காமல் விட்டது குற்றமா? மறந்துபோனவனைப் பிடித்து வைத்து நீ தீண்டாமை செய்தாய் என்று சொல்ல முடியுமா? மறதி தனியாள் மறதியாக இருந்தால் முடியாது என்றுதான் சொல்வேன். என் மச்சான் எனக்குத் தரவேண்டிய இருநூறு ரூபாயை மறந்துபோனால் அது மறதி. ஆனால் எல்லோரும் சேர்ந்து எப்போதும் ஒரே ஆட்களை மட்டும் மறந்துபோகிறார்கள் என்றால் அது மறதி இல்லை, பழக்கம். அடையாறில் ஐஐடி இருக்கிறது. எங்கள் எர்ணாவூரிலிருந்து ஒரே நகரத்துக்குள், இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். அங்கேயுள்ள ‘ஏஐ4பாரத்’ என்ற குழு 22 இந்திய மொழிகளில் பல மாவட்டங்களின் பேச்சைச் சேகரித்து 2024இல் வெளியிட்டது. படித்துக் காட்டிய பேச்சைவிட இயல்பாகப் பேசிய பேச்சையே அதிகமாகச் சேர்த்தார்கள். நல்ல காரியம். ஆக இது முடியாத காரியம் இல்லை. எங்கள் டேப்புக்குள் இருந்தவளுக்கு அதெல்லாம் எட்டியதாகத் தெரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வட சென்னைப் பேச்சு தலித்துகளின் தனிச்சொத்து அல்ல. ராயபுரத்து மீனவரும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும், முஸ்லிம்களும், தெலுங்கு பேசிக்கொண்டு வந்தவர்களும் சேர்ந்து புரட்டிப் போட்ட பேச்சு அது. ஆனால் அதற்குக் கிடைத்த பேர் ‘சேரி பாஷை’. பேச்சு எல்லாருடையது, அவமானம் மட்டும் எங்களுடையது. சினிமாவில் லூஸ் மோகன் பேசினால் சிரிப்பு, வில்லனின் அடியாள் பேசினால் பயம். கதாநாயகன் காதலிக்கும்போது மட்டும் அந்தப் பேச்சு எங்கேயோ போய்விடும்.

கொச்சை என்கிறார்களே, எது கொச்சை? சாவி, ஜன்னல், மேசை, அலமாரி: நாலும் போர்த்துக்கீசியன் கொடுத்துவிட்டுப் போனது. பாடப்புத்தகத்தில் பெரிய மனுஷனாக உட்கார்ந்திருக்கின்றன. செயலியும் பச்சை காட்டுகிறது. நாஸ்டா, பேஜார், கலீஜ்: உருது வழியாக வந்தவை. துட்டு டச்சுக்காரன் காசு. இவையெல்லாம் அதே கடற்கரையில்தான் இறங்கின. சாவி யார் வீட்டுக்குள் போனது, துட்டு யார் வாய்க்குள் போனது என்பதுதான் வித்தியாசம். இன்னும் கேளுங்கள், ‘கஸ்மாலம்’ இருக்கிறதே, கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார்கள். அது சமஸ்கிருதச் சொல். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கிருஷ்ணன் அர்ஜுனனைப் பார்த்துச் சொல்கிற சொல். பகவான் வாயில் வந்தால் உபதேசம், எங்க ஆயா வாயில் வந்தால் வசவு.

அந்தோணியார் கோயில் பக்கத்துப் பாட்டி ஒருத்தர் பைபிளில் இருக்கிற ஒரு கதையை எனக்கு ஞாபகப்படுத்தினார். நியாயாதிபதிகள் பன்னிரண்டாம் அதிகாரம். ஆற்றுத்துறையில் நின்றுகொண்டு தப்பி வருகிறவனை ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் சொல்வார்கள். நாக்கு வராமல் ‘சிபோலேத்’ என்றால் அவன் எதிரி ஊர்க்காரன், அங்கேயே வெட்டுவார்கள். 42,000 பேர் செத்தார்கள் என்று இருக்கிறது. ஒரு எழுத்துக்காக. நமக்கு ழகரம். ‘சிறப்பு ழகரம்’ என்று அதைத் தலையில் வைத்துக் கொண்டாடும்போதெல்லாம் எனக்கு அந்த ஆற்றுத்துறைதான் கண்ணில் தெரிகிறது. இன்டர்வியூவில், கால் சென்டரில், பெண் பார்க்கப் போன இடத்தில், ‘எந்த ஏரியா தம்பி?’ என்று கேட்கும்போது யாரும் வெட்டுவதில்லைதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

பிள்ளைகளுக்கு அந்த டேப் ரொம்பப் பிடித்துவிட்டது. சண்டை போட்டு வாங்கிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத அந்தப் பெண்பிள்ளை இரண்டாவது மாதத்தில் முழுப் பத்தி படித்தாள். ஏன் என்று யோசித்தேன். அது களைப்பதில்லை, எரிச்சல் படுவதில்லை, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துக் கண்ணடிப்பதில்லை. முக்கியமாக, நான்கு பேர் முன்னால் அவமானப்படுத்துவதில்லை. கூகுள் 2019 மார்ச்சில் ‘போலோ’ என்று ஒரு வாசிப்புச் செயலியை இந்தியாவில் கொண்டுவந்தது; ‘தியா’ என்ற பொம்மைப்பெண் பிள்ளை படிப்பதைக் கேட்டுத் திருத்துவாள். முதலில் உத்தரப் பிரதேசத்தில் 200 கிராமங்களில் பரீட்சித்தபோது மூன்று மாதத்தில் 64 சதவீதப் பிள்ளைகளுக்கு வாசிப்பு முன்னேறியதாகச் சொன்னார்கள். பிறகு அது ‘ரீட் அலாங்’ என்று பேர் மாறித் தமிழிலும் வந்து, 2022 ஜூனில் நம் பள்ளிக் கல்வித்துறையே அதை வைத்து வாசிப்பு மாரத்தான் நடத்தியது. அந்தக் கணக்கையெல்லாம் நான் பொய் என்று சொல்லவில்லை. கண்ணால் பார்த்தேனே. எங்கள் பிள்ளைகள் படித்தார்கள்.

அம்பேத்கர் பள்ளியில் கோணிப்பையில் தனியாக உட்கார்ந்தார். குழாயைத் திறந்துவிடப் பியூன் வராத நாளில் அவருக்குத் தண்ணீர் இல்லை. சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டு, வாத்தியார் மறுத்ததால் பாரசீகம் படித்தார். அவர் கையில் அந்தக் காலத்தில் இப்படி ஒரு டேப் கிடைத்திருந்தால் தள்ளியிருப்பாரா? கட்டாயம் வாங்கியிருப்பார். மனுஷன் மறுத்ததை எந்திரம் கொடுத்தால் எதற்கு மறுக்கணும்? ரயிலில்தானே முதலில் எல்லோரும் ஒரே பெட்டியில் உட்கார்ந்தோம்.

மூன்றாவது மாதத்தில்தான் அது நடந்தது. அந்தப் பெண்பிள்ளையின் வீட்டுக்கு ஒருநாள் போயிருந்தேன். மூன்றாவது மாடி. அம்மா ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை, வர ஒன்பதாகும். ஆயாதான் பிள்ளையை வளர்க்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து குடிசையை எடுத்துக்கொண்டு போனபோது ஆயா ஒரு அண்டாவைப் பிடித்துக்கொண்டு தப்பித்த கதை எங்கள் ஏரியாவில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆயா அன்றாடம் ராத்திரி பேத்திக்குக் கதை சொல்லும். கடல் கதை, பேய்க் கதை, ஆட்டைக் கியவியோட கதை. அன்றைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

“ஒரு ஊர்ல ஒரு கியவி இருந்தாளாம், அவ ஒரு கோயி வளத்தாளாம்…”

“தப்பு” என்றாள் பேத்தி.

ஆயா திரும்பிப் பார்த்தது.

“கிழவி. கோழி. மறுபடியும் முயற்சி செய்.”

அந்தக் குரல் அவளுடைய குரல் இல்லை. டேப்புக்குள் இருக்கிறவள் குரல். அதே இனிமை, அதே நிதானம். விழுந்த பல் முளைத்து ழகரமும் சுத்தமாக வந்தது. நான் இருபது வருஷம் பாடுபட்டு வராத ழகரம். எனக்கு ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆயா ஒன்றும் சொல்லவில்லை. “நீயே சொல்லு கண்ணு, ஒனக்குத்தான் வருது” என்றது. எழுந்துபோய்ச் சோற்றுப் பானையைத் திறந்தது. அதற்கப்புறம் கதை சொல்வதை நிறுத்திவிட்டதாக அந்த அம்மா ஒரு வாரம் கழித்து என்னிடம் சொன்னாள். “இன்னா சொன்னாலும் சொல்ல மாட்டேங்குது ண்ணா. வாய மூடிக்கினு குந்திக்கினு கீது.”

என்னைப் பெஞ்சில் ஏற்றின வாத்தியார் என் வாயைத்தான் மூடினார். எங்க அம்மா வாயை அவரால் மூட முடியவில்லை. நான் வீட்டுக்கு வந்து அழுதபோது எங்க அம்மா அவரை வைத ஒவ்வொரு சொல்லும் எனக்குச் சோறு மாதிரி இருந்தது. அவமானப்படுத்துகிறவன் எதிரே நிற்கிறான் என்றால் வீடு ஒன்று மிச்சமிருக்கும், ஓடிவர. அன்பாகத் திருத்துகிறவளிடமிருந்து எங்கே ஓடுவது? அந்தப் பிள்ளை ஆயாவை அவமானப்படுத்த நினைக்கவேயில்லை. தனக்குக் கிடைத்த நல்ல பொருளை ஆயாவுக்கும் கொடுத்தாள்.

இதை ஒரு தோழரிடம் சொல்லிப் புலம்பினேன். மணலி பக்கம் ஒரு கம்பெனியில் யூனியன் வேலை பார்ப்பவர். அவர் ஒரே போடாகப் போட்டார். “இன்னாய்யா உன் பிரச்சனை? என் பொண்ணுக்கு அந்த மெஷின் தமிழ் வேணும். இங்கிலீசும் வேணும். நாங்க ஜட்ஜு முன்னாடி நின்னு பேசத் தெரியாம எத்தினி கேசு தோத்துருக்கோம் தெரியுமா? நீ சேரி பாஷை அழகுன்னு பத்திரிகையில எழுதறியே, அந்தக் கட்டுரைய எந்த பாஷையில எழுதற?”

எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரையையே பாருங்கள். ‘என்றாள்’ என்று எழுதுகிறேன், ‘ன்னா’ என்று எழுதவில்லை. பாமா 1992இல் ‘கருக்கு’ எழுதியபோது தன் ஊர்ப் பேச்சையே எழுத்தாக்கினார்; இது இலக்கியமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் பாதிதான் இருக்கிறது. மேற்கோள் குறிக்குள்ளே ஆயாவைப் பேசவிட்டு, வெளியே நான் வாத்தியார் தமிழில் நடந்துகொண்டிருக்கிறேன். தோழர் சொன்னது சரி. அந்தத் தமிழ் வேண்டும். அது வேண்டுமா வேண்டாமா என்பது என் கேள்வி இல்லை. அதைக் கொடுக்கும்போது இதைத் ‘தப்பு’ என்று சொல்லித்தான் கொடுக்கணுமா? ஒரு பிள்ளைக்கு இரண்டு செருப்பு வாங்கிக் கொடுப்பதற்குக் காலை வெட்ட வேண்டியதில்லையே. ‘ஆயா கியவின்னு சொல்லும், புத்தகம் கிழவின்னு சொல்லும், ரெண்டும் ஒண்ணுதான், இடம் பார்த்துப் பேசு’ என்று ஒரு நல்ல வாத்தியார் சொல்லிவிட்டுப் போவார். சிவப்பும் பச்சையும் மட்டுமே தெரிந்த எந்திரத்துக்கு அதைச் சொல்ல இடமில்லை. இதை நான்தான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கணும். டேப் பார்த்துக்கொள்ளும் என்று நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்த அலுப்பு என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை.

இன்னொன்றும் பிள்ளைகள் கேட்டார்கள். ஒரு பாடத்தில் ‘கடற்காற்று இதமாக வீசியது’ என்று வந்தது. “காத்து எப்டி ண்ணா இதமா வீசும்?” என்றான் ஒருவன். 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதை அவன் பார்த்திருக்கிறான். எந்திரத்திடமே கேட்கச் சொன்னேன். “கடற்காற்று உடலுக்கு நல்லது” என்றது.

செப்டம்பர் கடைசியில் அந்த இளைஞர்கள் மறுபடியும் வந்தார்கள். நான் எழுதி வைத்ததையெல்லாம் படித்துக் காட்டினேன். வாயப்பயத்துக்குச் சிரித்தார்கள், ஆயா கதைக்குத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு ஒருவர் ஒரு யோசனை சொன்னார். உங்க பிள்ளைகள், பெரியவர்கள் பேச்சையெல்லாம் பதிவு செய்து கொடுத்தால் எந்திரத்துக்கு இந்தப் பேச்சும் பழகிவிடும், அப்புறம் தப்பு என்று சொல்லாது. அதற்கு ஒரு சம்மதப் படிவம். 2023 சட்டப்படி 18 வயசுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களை எடுப்பதற்குப் பெற்றோரோ பொறுப்பாளரோ சம்மதிக்க வேண்டும். படிவத்தை வாங்கிக்கொண்டேன்.

சுலபமான விஷயம் மாதிரி தெரிந்தது. கேட்கவில்லை என்றுதானே இத்தனை பக்கம் எழுதினேன். கேட்க வருகிறார்கள், கொடுத்துவிட வேண்டியதுதானே? ஆனால் கை வரவில்லை. கேட்கப்படாமல் கிடப்பது ஒரு கஷ்டம், ஒட்டுக் கேட்கப்படுவது வேறு கஷ்டம். எங்கள் பேச்சை நன்றாகப் புரிந்துகொள்ளும் எந்திரம் நாளைக்குப் பிள்ளைக்குப் பாடம் சொல்லும். அதே எந்திரம் கடன் வசூலுக்கும் போன் செய்யும், ஸ்டேஷனிலும் உட்காரும். ஏகலைவன் கதை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மண்பொம்மையைக் குருவாக வைத்துக்கொண்டு தானாகவே கற்றான். பொம்மை ஒன்றும் கேட்கவில்லை, பொம்மைக்குச் சொந்தக்காரர் வந்து கேட்டார். ‘ரீட் அலாங்’ செயலியில் பிள்ளையின் குரல் போனுக்குள்ளேயே அலசப்பட்டுவிடும், வெளியே போகாது என்று அதைச் செய்தவர்கள் சொன்னார்கள். இங்கே அப்படி இல்லை, குரல் போகத்தான் போகிறது. எங்கே என்று கேட்டதற்கு அந்தப் பையன்களுக்கே சரியாகத் தெரியவில்லை.

அந்தப் பெண்பிள்ளையின் வீட்டுக்குப் படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா வேலையில். ஆயாவிடம் விவரம் சொன்னேன். எழுத்துத் தெரியாது, கைநாட்டுதான். நான் பையிலிருந்து மைப்பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். ஆயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏன் நைனா, நம்ம பேச்சு அதுக்குத் தெரியாதா?” என்றது.

“தெரியாது ஆயா.”

“நாம பேசனா கத்துக்குமா?”

“கத்துக்கும்.”

“அப்ப நாமதான் அதுக்கு வாத்தியாரு.”

“ஆமா.”

“சம்பளம் எவ்ளோ?”

நான் சிரித்தேன். ஆயா சிரிக்கவில்லை. வேடிக்கைக்குக் கேட்கவில்லை. பேசித் தருகிறவர்களுக்குக் கூலி கொடுத்துக் குரல் சேகரிக்கிற இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன; பெங்களூரிலிருந்து இயங்கும் ‘கார்யா’ அப்படிச் செய்கிறது. இவர்கள் கொண்டுவந்த படிவத்தில் அந்த மாதிரி ஒரு வரி இல்லை. கேட்டுச் சொல்றேன் ஆயா என்றேன். மைப்பெட்டியை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அறிக்கையில் ‘கருத்துகள்’ என்று நாலு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். ஆயா கேட்டதை ஆயா கேட்ட மாதிரியே அதில் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. டேப்புகள் பிள்ளைகளிடம்தான் இருக்கின்றன. இப்போது நான் சுவரில் சாய்வதில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன்; சிவப்பு வரும்போதெல்லாம் இது ஏன் சிவப்பு என்று பேசுகிறோம், அதில் பாதி நேரம் போய்விடுகிறது. வெள்ளிக்கிழமையில் டேப் கிடையாது, ஆயாவைக் கூப்பிட்டிருக்கிறேன், கதை சொல்ல. இரண்டு வெள்ளிக்கிழமை வரவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை வந்து வாசப்படியில் உட்கார்ந்து, பேத்தியைப் பார்த்துக்கொண்டே, “தப்பு கிப்புன்னு சொன்ன, எந்திரிச்சிப் போய்டுவேன்” என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தது.